வாயில் நல்லது வராதவர்

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் நகர ஹோட்டல் ஒன்றில் என்னோடு வேலை செய்த சமையல்காரர் கட்டையானவர், பிடிவாதக்காரர். இடைவேளையில் கைபேசியில் கூடைப்பந்து பார்ப்பார். அதுவும் ஒரே ஒரு இளம் சுவிஸ் வீரனின் ஆட்டம்தான். அமெரிக்க அணிகள் புதியவர்களைத் தெரிவுசெய்யும் டிராஃப்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

பந்து வளையத்துக்குள் விழப்போகும் கணத்தில் படத்தை நிறுத்திவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“என்ன உயரம், என்ன பாய்ச்சல்! கட்டாயம் எடுப்பினம் அண்ணை.”

“பாய்ச்சல் இருக்கு. ஆனா பந்து பறிபோனா திரும்பி ஓடுறானில்லை. இடக்கையும் சரியில்லை.”

“ஒரு நல்லதும் உங்கட வாயில வராதோ?”

“அதைச் சொல்ல வேற ஆக்கள் இருக்கினம்.”

வாரக்கணக்கில் இதே சண்டை. ஒருநாள் காலை, அவனைத் தெரிவுசெய்துவிட்டார்கள் என்ற செய்தியோடு சமையலறைக்குள் ஓடினேன்.

“எடுத்திட்டாங்கள்! இப்ப என்ன சொல்லுறியள்?”

முட்டை கிளறிக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

“இனித்தான் பயம், தங்கச்சி. இனி அவன்ர பிழையை ஆர் அவனுக்குச் சொல்லுவினம்?”

எரிச்சலோடு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு சொல் சந்தோசமாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அன்று முட்டையில் உப்பே இல்லையென்று பல மேசைகளில் முறையிட்டார்கள். அவர் அப்படித் தவறியதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.