நைனாவுக்கா மறதி, ஆயாவுக்கா?

வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிற வேலை எனக்கு. மிஷின் ஒன்று சொல்லும், பெருசுங்க வேறொன்று சொல்லும், நடுவில் மண்டை காய்வது நான். வீட்டில் வயசானவங்களை வைத்துக்கொண்டு முழிக்கிற புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

நடந்தே வந்தவர்

தண்டையார்பேட்டை ஏழுமலை நைனா ஹார்பரில் மூட்டை தூக்கி ரிடையரானவர். அன்றைக்கு அவருக்கு பிரஷர் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. "ஆஸ்பத்திரிக்கு வாங்க நைனா" என்றேன். கையை உதறிக்கொண்டார்.

"என் தோஸ்துங்க அத்தினி பேரும் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு நாலு பேர் தோள்ல போனானுங்க. நான் நேத்துகூட ஒருத்தனைக் கொண்டுபோய் வுட்டுட்டு நடந்தே வந்தேன். எனக்கு இன்னாம்மா கொறைச்சல்?"

ரெண்டு ரகசியம்

அவர் சம்சாரம் கோவிந்தம்மா ஆயா என்னை அடுப்படிக்கு இழுத்தார். "அந்த ஆளுக்கு நெனப்பே இல்லம்மா. சொன்னா ஒத்துக்காது." சரி என்று இறங்கினால், மாடிப்படியில் நைனா நிற்கிறார். "கெழவிக்கு மறதி முத்திப்போச்சு. அடுப்புல பாலை வச்சிட்டு பக்கத்து வூட்ல குந்திகினு பேசிகினு கீது." ஐயோ சாமி, நான் யாரை டாக்டரிடம் அனுப்புவது? திரும்ப மேலே ஏறி, "ஆயா, உங்களுக்கு மறதி ஏதாச்சும் கீதா?" என்று கேட்டேன்.

"எனக்கா? எதையாச்சும் மறந்திருந்தா எனக்கு நெனப்பு இருக்காதா?"

சுகர் மாத்திரை

போன வாரம் போனால், நைனா வேர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். குத்திப் பார்த்தால் சுகர் அடிமட்டம். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் குடிக்க வைத்துக்கொண்டே, "மாத்திரை எத்தினி போட்டீங்க?" என்றேன். "ஒண்ணுதான். காலைலயே போட்டுகினேன்" என்று குழறினார். ஆயா பாய்ந்தார். "பொய்யி! அது எங்க போட்டுச்சு? மறந்திருக்கும்னு நான்தான் டீயில கரைச்சுக் குடுத்தேன்." சொன்ன பிறகுதான் ஆயாவுக்கே உறைத்தது, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால், இந்தத் தடவை மூலக்கொத்தளத்திலிருந்து மனுஷன் நடந்து வந்திருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றும்போதுதான் நைனாவுக்குப் பேச்சு திரும்பியது. அழுதுகொண்டிருந்த ஆயாவைப் பார்த்து ஜம்பமாகச் சொன்னார்:

"பாத்தியா? நான் ஒண்ணும் மறக்கல!"

சுகருக்கு அவரவர் விரலை நீட்டுகிறார்கள், மறதிக்கு மட்டும் ஆளாளுக்குப் பக்கத்து ஆளைக் காட்டுகிறார்களே, நான் யாரைத்தான் குத்துவேன்?