திட்டு விழாமல் மூடாத தொட்டி

தேமா துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள பாமாயில் கம்பெனியில் நா தோர்ஷியின் உத்தியோகம் உட்கார்ந்திருப்பது. எண்ணெய்த் தொட்டிக்குள் ஆட்கள் போய்க் கசடு வழிக்கும்போது, அவர்கள் நுழையும் ஓட்டைக்கருகே முக்காலி போட்டு உட்கார்ந்து குரல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்குச் சம்பளம் வேறா என்று கம்பெனியே வயிறெரிந்தது.

முன்பு அவள் கம்பெனி கேட்டுக்கு அருகே கெங்கே என்னும் சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் விற்றவள். வரிசையில் முந்துகிறவனை அவள் ஏசினால் கப்பலில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டைக்காகத்தான் வேலை கொடுத்தார்கள். அடக்கமானவள் என்று அவளைப் பற்றி யாரும் பொய் சொன்னதில்லை.

கசடு வழிப்பவர்களில் லார்யேதான் அவளுக்குச் சரியான ஜோடி. வெளியே தலை நீட்டும்போதே தொடங்கிவிடுவான்.

"என்ன ஆண்ட்டி, இன்னும் எந்திரிக்கலையா? முக்காலி வேர் விட்டுடப் போவுது."

"உங்கம்மா உன்னைப் பெத்த நேரத்துல ஒரு பானை கஞ்சி காய்ச்சியிருக்கலாம்டா."

இது நடக்காமல் ஒரு நாளும் வேலை முடிந்ததில்லை.

துப்புரவின் கடைசி நாள் முதலாளி வருவதாக இருந்தது. பந்தல் போட்டாயிற்று, பாதிரியாரும் வந்தாயிற்று. மைக் செட்டுக்குத்தான் கரண்ட் இல்லை. மேனேஜர் ஒஃபோசு பெரிய மூளைக்காரர். வேலைதான் முடிந்துவிட்டதே என்று, தொட்டிக்குள் காற்று ஊதும் மிஷினின் பிளக்கைப் பிடுங்கி மைக்குக்குக் கொடுக்கச் சொன்னார். 'பாதுகாப்பே நம் உயிர்' என்று மைக் டெஸ்டிங் நடந்தது.

பிறகு தொட்டியின் மூடியோடு வந்தார். உள்ளே போகிறவர்கள் பெயர்ச் சீட்டை மாட்டிவிட்டுப் போய், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ளும் பலகை காலியாக இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சு. மூடுங்கப்பா."

தோர்ஷி முக்காலியை ஓட்டைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"லார்யே வரல."

"சீட்டு இல்லையேம்மா. நீங்க பாக்காத நேரம் போயிருப்பான்."

"என்னைத் திட்டாம எப்படிய்யா போவான்?"

மேனேஜர் சிரித்தார். பந்தலிலிருந்தவர்களும் சிரித்தார்கள். லார்யேயின் கூட்டாளி தவியா மட்டும் சிரிக்கவில்லை. அவன் பையிலிருந்து இரண்டு சீட்டுகள் வந்தன.

"பின்னாடியே வரேன்னான் ஆண்ட்டி. அவனுக்கும் சேத்து எடுத்துட்டேன், ஒரு உதவியா..."

தோர்ஷி முக்காலியைத் தள்ளினாள். ஓட்டைக்குள் தலையை விட்டுக் கத்தினாள். அவள் குரலே சுற்றிச் சுற்றித் திரும்பி வந்தது. தவியா உள்ளே பாயப் போனான். சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செத்த காத்துடா உள்ள. நீயும் விழுந்தா யாரு இழுக்கிறது? முதல்ல மைக்கைப் பிடுங்கு."

பாதிரியாரின் ஜெபம் பாதியில் நின்றது. மிஷின் மறுபடி ஊதியது. மூச்சுக்கவசமும் இடுப்பில் கயிறுமாகத் தவியா போய், மூலையில் மயங்கிக் கிடந்தவனைத் தூக்கிவந்தான். லார்யே நெடுநேரம் கண் திறக்கவில்லை. திறந்ததும் அவளைப் பார்த்தான்.

"இன்னும்... எந்திரிக்கலையா?"

அவள் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

முதலாளி வந்து, பலகை ஏற்பாட்டை வெகுவாகப் பாராட்டி மேனேஜருக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கில் கரண்ட் இல்லாததால் அது நிறையப் பேருக்குக் கேட்கவில்லை. பிறகு மேனேஜர் மூச்சுக்கவசம் மாட்டிக்கொண்டு, வாளி கரண்டி ஏதும் கிடக்கிறதா என்று தானே உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே தலை நீட்டியபோது முக்காலி வழியை மறித்திருந்தது.

"திட்டிட்டுப் போங்க ஐயா."

"என்னம்மா விளையாட்டு இது?"

"திட்டினாத்தான் வந்த கணக்கு."

படித்த மனிதர், வெகுநேரம் யோசித்தார். எண்ணெய் வழிய நின்றபடி, "நீங்க... கொஞ்சம் குண்டா இருக்கீங்க" என்றார்.

"ஒரு ஆளு வந்தாச்சு" என்று எழுந்தாள் தோர்ஷி. "இப்ப மூடுங்க."