கொப்பியின் வலப்பக்கம்

காய்ச்சிய கோதுமை மாப் பசை இரண்டாம் நாளே புளிக்கத் தொடங்கும். அந்தப் புளித்த மணம் ஏறிய கொப்பி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் டீச்சர் வியாழக்கிழமைதோறும் பத்திரிகையிலிருந்து ஒரு விளம்பரத்தை வெட்டிக் கொப்பியின் இடப்பக்கத்தில் ஒட்டச் சொல்வார். வலப்பக்கத்தில் ஒரே கேள்விக்கு விடை எழுத வேண்டும்: இதில் சொல்லாமல் விட்டது என்ன?

முதல் வாரம் ஒட்டியது அழகு தரும் சவுக்காரம். "எங்கட ராத்தா மூணு கட்டி போட்டுக் குளிச்சிட்டா டீச்சர், தேய்ஞ்சது சவுக்காரந்தான்" என்று ஒருத்தி தன் அக்காவைப் பற்றிச் சொல்ல, டீச்சரும் சிரித்துவிட்டு, "அதத்தான் எழுதுங்க புள்ள" என்றார்.

ஐந்தாவது வாரம் நான் ஒட்டியது, உம்மா மடித்து வைத்திருந்த பத்திரிகையிலிருந்து வெட்டியது. 'வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்கள் தேவை. நல்ல சம்பளம். உணவும் தங்குமிடமும் இலவசம்.' எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், எப்போது ஊருக்கு விடுவார்கள் என்று வலப்பக்கம் நிறைய எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் 'மிக நன்று' போட்டார். வாசித்துக் காட்டினால் உம்மா அந்த வேலைக்குப் போகமாட்டார் என்று நம்பி வீட்டுக்கு ஓடியே வந்தேன்.

மீன் அரிந்துகொண்டிருந்த உம்மா, கையை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதெண்டா நினைக்கிறாய் மகள்? தெரிஞ்சிதான் போறன். ரெண்டு பொம்புளப் புள்ளயளுக்கும் ஊடு கட்டணுமே."

எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. வாப்பாவின் தோணியைச் சூறாவளி கொண்டுபோனதிலிருந்து அவர் கூலிக்குத்தான் கடலுக்குப் போனார். உம்மா புறப்பட்டபோது தங்கச்சிக்கு ஒன்றரை வயது. உம்மாவின் தங்கையான சாச்சிதான் எங்களை வளர்த்தார்.

எழுத்துக் கூட்டி வாசிப்பாரே தவிர உம்மாவுக்குக் கடிதம் எழுத வராது. அங்கிருந்து லீவில் வரும் நிந்தவூர்ப் பெண் ஒருவரிடம் குரலைப் பதிந்த கசெட் கொடுத்தனுப்புவார். "நான் நல்லா இரிக்கன். ஊட்டுக்கார மனிசி என்னத் தன்ட தங்கச்சி போலப் பாக்கா." அதையடுத்து 'டக்' என்று, பதிவை நிறுத்தி மறுபடி தொடங்கிய ஓசை. பிறகு வந்த குரல் அடைத்திருந்தது. ரெக்கோர்டரில் சுழலும் எண்கள் அப்போது 047 காட்டின. அதைக் கொப்பியின் இடப்பக்கத்தில் குறித்தேன். ஐந்து கசெட்டுகளில் பதினொரு 'டக்'. வலப்பக்கத்தில் எழுத எனக்கு எதுவும் தெரியவில்லை.

நாங்களும் பதிந்து அனுப்பினோம். "தங்கச்சி இப்ப நல்லாக் கதைக்கிறா உம்மா" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தங்கச்சி சாச்சியின் சேலையைப் பிடித்திழுத்து, "உம்மா, பசிக்கி" என்றாள். நான் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். சாச்சி அவளைக் குசினிக்குத் தூக்கிப்போன பிறகு, கசெட்டைச் சற்றுப் பின்னுக்கு ஓட்டி, அந்தச் சொல் அழியும்படி அதன் மேலேயே பேசினேன்: "தங்கச்சி உங்களத்தான் கேட்டு அழுறா."

ஆறு வருடங்கள் கழித்து உம்மா வந்தார். வலக்கையில் முழங்கை வரை தழும்பு. "எண்ணெய் தெறிச்சது" என்று நான் கேட்கும் முன்னரே சொன்னார். தங்கச்சி சாச்சிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, என் தலையை வாரியபடி, "உன்ட கசெட்டிலயும் ஒரு 'டக்' கேட்டிச்சி மகள்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அவருடைய பதினொன்றைப் பற்றி நானும் கேட்கவில்லை.

உம்மா மௌத்தாகி அடக்கமாகி இந்த நோன்போடு ஒன்பது வருடம். அவர் கட்டிய வீட்டில் தங்கச்சி இருக்கிறாள்; எனக்கென்று தொடங்கியது அத்திவாரத்தோடு நின்றது. கசெட்டுகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அவற்றை ஓடவிடும் ரெக்கோர்டர் கல்முனைக் கடைகளில் இல்லை. விளம்பரம் ஒட்டும் வியாழக்கிழமைகளும் இல்லை. நேற்று, அந்தப் பதினொரு எண்களின் கீழே என்னுடைய 'டக்'கையும் குறித்தேன். வலப்பக்கத்தில் அதற்கு மட்டும் விடை எழுத முடிந்தது.