செல்வமேரி அக்கா எடுத்த சைக்கிள் ரேஸ்

இரும்புலியூரில் செல்வமேரி அக்கா போட்டோ எடுக்காமல் ஒரு கல்யாணம் நடந்தால், அது ஓடிப்போய்ப் பண்ணிக்கொண்ட கல்யாணமாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக ஞானஸ்நானம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் என்று எந்த வீட்டு விசேஷமானாலும் அவர்தான். காமெராவைவிடப் பெரிது அவருடைய குரல். மண்டபத்தில் தவில் உச்சத்தில் இருக்கும்போதுகூட, "மாப்ள, இங்க பாருங்க!" என்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் மாப்பிள்ளையோடு சமையல்காரரும் திரும்பிப் பார்ப்பார்.

போன ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பிரேம் போன் செய்தான். அவன் கல்யாணத்தை எடுத்ததும் அக்காதான்.

"அக்கா, சண்டே ஃப்ரீயா? மவுண்டன் பைக் எண்டூரன்ஸ் ரேஸ் ஒண்ணு நடத்துறோம். வர வேண்டிய போட்டோகிராஃபருக்கு டெங்கு."

"தாம்பரத்துல மவுண்டன் எங்கப்பா கீது?"

"மவுண்டன் இல்லக்கா. வண்டலூருக்கு அந்தாண்ட ஒரு பழைய கல்குவாரி. மூடிக் கெடக்குது. ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டோம்."

அக்காவுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் வந்த வேலையை விட்டுப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சனிக்கிழமை மாலையே சர்ச்சில் முடித்துக்கொண்டு, ஞாயிறு விடியற்காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினார். பின்னால் கணவர் ரத்தினம், ஒரு கையில் லைட் ஸ்டாண்டும் மறு கையில் நாலடுக்குத் தூக்குமாகத் தொற்றிக்கொண்டிருந்தார். கம்பெனி கேன்டீன் ஒன்றில் சமையல் பார்த்து ஓய்வுபெற்றவர். சோறு இல்லாத இடத்துக்கு அவர் போவதில்லை.

குவாரியில் நாற்பது பேர் ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையுமாகச் சைக்கிளோடு நின்றார்கள்.

"மோட்டார் எங்க?" என்றார் ரத்தினம்.

கால்தான் மோட்டார் என்று பிரேம் விளக்கினான். குவாரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பாதை. ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை சுற்ற வேண்டும். அதிகச் சுற்று முடித்தவருக்குக் கப்பு.

"ஆறு மணி நேரம் ஒரே எடத்தயே சுத்தினு இருப்பாங்களா?" ரத்தினத்துக்கு மனசு கேட்கவில்லை. "இன்னா பாவம்பா பண்ணாங்க?"

அக்கா ஒரு செங்குத்தான சரிவைத் தேர்ந்தெடுத்தார். மேலிருந்து கல்லும் மண்ணுமாக இறங்கும் பாதை, அவர் நின்ற இடத்தில் சட்டென்று திரும்பும். திருப்பத்துக்கு அப்பால் சீமைக்கருவேலம் புதர். முதல் சுற்றில் நாற்பது பேரும் அவரை உரசிக்கொண்டு பறந்தார்கள். கிடைத்த படங்கள்: அரைச் சக்கரம் ஒன்று, முழங்கை ஒன்று, புழுதி பதினேழு, மேய வந்த ஆடு ஒன்று. ஆடு மட்டும் அருமையாக வந்திருந்தது.

இது சரிப்படாது என்று இரண்டாம் சுற்றில் அக்கா பழைய வித்தையை எடுத்தார்.

"மாப்ள, இங்க பாருங்க!"

அந்த நேரம் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தவர் ஷ்யாம்சுந்தர். கோவிலம்பாக்கத்துக்காரர், ஐடி கம்பெனி மேனேஜர், வயது நாற்பத்தொன்பது. குரல் கேட்டதும் அவர் உடம்பு தானாகவே மணமேடைக்குப் போய்விட்டது. திரும்பினார், தாடையைக் கொஞ்சம் தாழ்த்தினார், புன்னகைத்தார். புன்னகை மாறாமலே புதருக்குள் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் மூன்று பேர் அதேபோலத் திரும்பி, அதேபோலச் சிரித்து, அவர் மேலேயே போய் விழுந்தார்கள். மற்றவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனார்கள்.

பிரேம் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அக்கா, கெஞ்சிக் கேக்கறேன், யாரையும் கூப்பிடாதீங்க! கல்யாணம் ஆனவங்களா பாத்து விழறாங்க!"

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. கூப்பிடாமல் எப்படிப் படம் எடுப்பது? வாயை மூடிக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். அப்போது, சற்று முன் போன மஞ்சள் சட்டைக்காரர் மறுபடியும் மேலிருந்து வருவதைப் பார்த்தார். பிறகு பச்சை ஹெல்மெட். பிறகு முள் கீறிய முழங்காலோடு ஷ்யாம்சுந்தர். எல்லோரும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார்கள்.

பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலி கட்டும் அந்த ஒரு நொடியில், அட்சதை போட ஒரு சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். ஆல்பத்தில் தாலிக்குப் பதில் அவர் முதுகு. அந்த முதுகு பல நாள் அக்காவின் கனவில் வந்திருக்கிறது.

"ஏங்க," என்றார் ரத்தினத்திடம், கண்கள் விரிய. "இங்க எதையும் தவற விடவே முடியாதுங்க! தாலிய பத்து தடவ கட்ற மாதிரி கீது!"

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். காதுகுத்துக்குப் பயந்து மண்டபம் முழுக்க ஓடும் குழந்தைகளைத் துரத்தித் துரத்திப் படமெடுத்த கை அது. ஓட்டுபவரோடு சேர்த்துக் காமெராவையும் திருப்பினார். முகம் தெளிவாக நிற்க, புதரெல்லாம் கோடு கோடாகப் பின்னால் பறந்தது.

ஒன்பது மணிக்கு ரத்தினம் தூக்கைத் திறந்தார். எலுமிச்சை சாதம், மசால்வடை, தேங்காய்த் துவையல். மூன்று மணி நேரமாகப் பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழை உறிஞ்சிக்கொண்டிருந்த ஷ்யாம்சுந்தர் அந்த வாசனைக்குப் பிரேக் பிடித்தார்.

"அண்ணா, ஒண்ணு கெடைக்குமா?"

"ஒண்ணு இன்னாத்துக்கு? ரெண்டா சாப்டு சார். மொகமே வாடிப்போய் கீது."

அடுத்த சுற்றில் நாலு பேர் நின்றார்கள். அதற்கடுத்ததில் ஒன்பது பேர்.

முதலிடத்தில் இருந்தவர் பொழிச்சலூர் மதியழகன். இரண்டாவதாக வந்த ஜெயப்ரியாவைவிடப் பத்து நிமிஷம் முன்னால் இருந்தார். பதினொரு மணி வரை தூக்குப் பக்கம் திரும்பாமலே போனவர், கடைசியில் கடைசி வடை எண்ணெய் மினுங்க இருப்பதைப் பார்த்துவிட்டார். ஒரே நிமிஷம் என்று இறங்கினார். வடைக்குத் துவையல் வேண்டியிருந்தது. துவையல் இருந்ததால் சாதம் வேண்டியிருந்தது. ஜெயப்ரியா அவரைத் தாண்டிப் போகும்போது, "தேங்க்ஸ் அண்ணா!" என்று ரத்தினத்தைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணிக்குக் கப்பு அவளுக்குத்தான். மதியழகன் குதித்தார். "வட குடுத்து நிறுத்திட்டாங்க! ரெண்டே நிமிஷம்தான் நின்னேன். இது இன்னா நியாயம்?"

பிரேம் பேஜாராகி அக்காவைப் பார்த்தான். அக்கா காமெராவை நீட்டினார். எல்லாப் படத்திலும் மணி பதிவாகியிருந்தது. பதினொன்று நாலு: மதியழகன் சைக்கிளைச் சாய்க்கிறார். பதினொன்று ஏழு: துவையலுக்குக் கை நீட்டுகிறார். பதினொன்று பத்து: விரலை நக்குகிறார். பதினொன்று பதினாலு: பாறையில் சாய்ந்து, கண் மூடி, சொர்க்கத்தில் இருக்கிறார். அவருக்குப் பின்னால் ஜெயப்ரியாவின் சக்கரம்.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதியழகன் கடைசிப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, இத எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க. குரூப்புல போட்றாதீங்க. நான் இங்க உயிர விட்டு ஓட்டிகினு கீறேன்னு வூட்ல நெனச்சிகினு கீறாங்க."

அடுத்த வாரம் ஜெயப்ரியா தன் அம்மாவோடு அக்காவின் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சரிவில் இறங்கும் அவள் படம், பல்லைக் கடித்தபடி, நெற்றி முதல் கழுத்து வரை செம்மண் அப்பிய முகத்தோடு, கம்ப்யூட்டர் திரை நிறைய இருந்தது.

"ஐயோ, பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு இதையா காட்டறது?" என்றார் அம்மா. "அந்த மண்ண மட்டும் தொடச்சிக் குடுங்கம்மா. நெத்தில ஒரு பொட்டு வெச்சிடுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை முகங்களிலிருந்து எத்தனை பருவை, மருவை, கருவளையத்தை அக்கா துடைத்திருக்கிறார் என்பதற்குக் கணக்கே இல்லை. மவுஸில் கை வைத்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"இத மட்டும் தொட மாட்டேம்மா."

அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றார் அம்மா கடைசியில். "அப்போ பெரிய சைஸா போடுங்க. ஹால்ல டிவிக்கு மேல மாட்டணும்."