வெள்ளிக்கிழமை இருமிய கார்

சிங்கப்பூர் தேக்காவில் அப்போது நான் வைத்திருந்த பழைய கார் சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது. மனைவிக்கோ பிரசவ நேரம். காதில் பென்சில் செருகிய மெக்கானிக் பாய், கோளாறைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தினமும் காலையில் என் வாசலுக்கே வந்து சாவியைத் திருகினார். ஐந்து நாள் கிளம்பியது. வெள்ளிக்கிழமை இருமிவிட்டு அடங்கியது.

“இன்னைக்குப் புதுசா என்னண்ணே செஞ்சீங்க?”

“ஒண்ணுமில்ல பாய். வெள்ளிக்கிழமையாச்சே! வழக்கம்போல பானெட்டைத் திறந்து மஞ்சத்தண்ணி தெளிச்சேன். ஒழுங்கா கிளம்பணும்ல?”

அவர் எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த ஈரத்தைத் துடைத்தார். கார் உடனே கிளம்பியது.

“சாமிக்கு வெளியவே செய்ங்க லா. உள்ள நான் பார்த்துக்கிறேன்.”

பிள்ளை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். கார் ஒரே திருகலில் ஓடியது. ஈரத்தைத் துடைத்த அன்று இந்த முட்டாளைப் பார்த்து அவரால் எப்படிச் சிரிக்காமல் இருக்க முடிந்தது? நானே சிரித்துவிட்டேனே!