ஒற்றைப்படையில் முடிந்த எண்

குளுவாங் மருத்துவமனையில் என் அறைக்கு அவர் நோயாளியாக வரவில்லை. இரத்தச் சுத்திகரிப்பில் இருக்கும் தம் அண்ணனுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்க வந்தார். யோங் பெங்கில் சோற்றுக்கடை நடத்தும் நாற்பது வயதுத் திருநங்கை. பல்லாண்டுகளாகப் பெண் ஹார்மோன் மருந்து உட்கொள்பவர். அத்தனை ஆண்டுகளும் அந்த அண்ணன் அவரிடம் ஒரு சொல் பேசியதில்லை.

"கிட்னிய ஏத்துக்குவாராம் டாக்டர். என்னையத்தான் இன்னும் யோசிக்கிறாராம்," என்று சிரித்தார்.

அவருடைய சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் எண்பத்து நான்கு என்று கணினித் திரை காட்டியது. குறை சொல்ல இடமில்லாத எண். அடுத்த சோதனைகளுக்கு எழுத முனைந்தபோதுதான் அதனருகே, ஐசி எனும் அடையாள அட்டை எண்ணுக்குக் கீழே, 'ஆண்' என்றிருந்ததைக் கண்டேன். ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அது நாங்க போடல டாக்டர். ஐசி நம்பரோட கடைசி எண்ணப் பாத்து கம்ப்யூட்டரே போட்டுக்கும். ஒத்தப்படைன்னா ஆண்."

"பெண்ணுன்னு போட்டா எவ்ளோ வரும்?"

விசைகள் தட்டும் ஒலி. "அலமாக்! அறுபத்து மூணு."

இரத்தம் அதே இரத்தம். ஒரு சொல்லை மாற்றியதும் கால் பங்குத் திறன் காணாமற்போயிற்று. அத்திறனைக் கணிக்க இரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின், தசையிலிருந்து பிறக்கும் கழிவு. ஆணுக்குத் தசை மிகுதி என்று கொண்டே அக்கணக்கு அமைந்தது. மருந்தால் தசை குறைந்த உடலை அது எப்பக்கம் நிறுத்தும்? பெண் என்று போட்ட எண்ணையும் நான் முழுதாக நம்பவில்லை. தசையை அவ்வளவாகச் சாராத ஒரு புரதத்தை அளக்க ஜொகூர் பாருவுக்கு இரத்தம் அனுப்பினேன்.

வந்த விடை ஐம்பதைக்கூடத் தொடவில்லை. திகைத்துப்போய் மறுபடியும் அனுப்பினேன், விடை மாறவில்லை. சிறுநீரில் புரதமும் ஒழுகியது. கொடுக்க வந்தவரே நோயாளி.

அடுத்த முறை வந்தபோது சொன்னேன்.

"அப்போ கொடுக்க முடியாதா?"

"முடியாதும்மா. கொடுத்தா நீங்களும் ஒரு நாள் டயாலிசிஸ்ல போய்ப் படுக்கணும்."

"முதல்ல வந்த கணக்கையே வச்சிக்கலாமே டாக்டர். ஐசில நான் ஆம்பளதானே? வாழ்க்கைல ஒரு தடவையாச்சும் அது எனக்கு உதவட்டும் லா."

தலையசைத்து மறுத்தேன்.

"அப்ப நீங்களே கீழ வந்து சொல்லுங்க," என்று எழுந்தார். "அண்ணன் கார்ல இருக்காரு. இன்னைக்குத்தான் என்னையப் பக்கத்துல உக்கார வச்சிக் கூட்டிட்டு வந்தாரு."