தாலி அணிந்த காளிகள்

ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து தப்பி வந்து மலாயாவில் ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒதுங்கினேன். அங்கே கூலிகள் குடியிருந்த லயத்துக் கதவுகளில் காளி படம் வரையும் ஒருத்தி இருந்தாள். கரியையும் மஞ்சளையும் குழைத்து விரலாலேயே வரைவாள். அவளுடைய காளிக்குச் சூலம் கிடையாது. கையில் பால் வெட்டும் கத்திதான்.

ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போன ஆண்களின் மனைவிமார் அவளிடம் குறி கேட்டார்கள். அவளுடைய புருஷனும் அப்படிப் போனவன்தான். அருள் வந்து ஆடிவிட்டு வரைவாள். காளியின் கழுத்தில் தாலி வந்தால் புருஷன் உயிரோடிருக்கிறான் என்று பொருள். எல்லோருக்கும் தாலி வந்தது.

அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் வாந்திபேதியில் செத்ததை நான் சயாமில் பார்த்திருந்தேன். அவளுக்கும் தாலியா என்று படம் வரைபவளிடம் கேட்டேன்.

"போய்ச் சொல்லேன் தம்பி. நாளைக்கு வளையல உடைப்பாங்க. மறுநாளே வேல வாங்குற மண்டோர் வந்து கதவத் தட்டுவான்."

"அப்ப உங்க குறி பொய்தானே அக்கா?"

"அந்தப் பய நம்புறான்லா. புருஷன் வந்துருவான்னு பயந்து ஒதுங்கிப் போறான். அது போதும்."

பக்கத்து வீட்டுக்காரி எனக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்து, "அங்க அவரப் பாத்தியா தம்பி?" என்றாள். இல்லை என்று சொல்லித் தின்றேன்.

கிளம்பும்போது படம் வரைபவளின் கதவைப் பார்த்தேன். அந்தக் காளியின் கழுத்து மட்டும் வெறுமையாக இருந்தது. தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது.

தனக்கும் ஒரு தாலி வரைந்துகொள்ள அவளுக்கு ஏன் கை வரவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.